அடுப்பங்கரைப் புகையும் அம்மாவின் மூச்சும்



சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போய் வந்தேன். தெம்பனிஸ் வட்டாரத்தில் என் அக்கா குடும்பத்தோடு வசிக்கிறார். அப்பா காலமான பிறகு எங்கள் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். ஜொகூர் பாலத்தைத் தாண்டி, பஸ்ஸும் ரயிலும் மாறி, ஒன்பதாம் மாடி வீட்டுக் கதவைத் தட்டியபோது அம்மாவின் குரலுக்கு முன்னால் அம்மாவின் இருமல்தான் எனக்குக் கேட்டது.

அந்த இருமல் எனக்குப் புதிதன்று. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்தில் விடியற்காலை நாலு மணிக்கு அதுதான் எங்களை எழுப்பும். "அம்மா அடுப்பு மூட்டிவிட்டார், பிரட்டுக்கு நேரமாகிவிட்டது" என்று தெரிந்துகொள்வோம். வெயிலில் நின்றால் வியர்க்கும். அடுப்பு மூட்டினால் இருமும். அவ்வளவுதான் நாங்கள் அறிந்த வைத்தியம்.

மறுநாள் அக்கா அம்மாவை டாக்டரிடம் அழைத்துச் சென்றபோது நானும் கூடப் போனேன். இளம் வயது டாக்டர், தமிழ்ப் பெண்தான். முதுகில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பாட்டி, நீங்க எத்தனை வருஷம் சிகரெட் பிடிச்சீங்க?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு இருமலும் வந்தது. "ஏந்தாயி, என்னைப் பார்த்தா சுருட்டுப் புடிக்கிறவ மாதிரியா இருக்கு? வெத்தலை போடுவேன். அதையும் ஒம் பேஷண்டு ஆனதுலேருந்து விட்டுட்டேன்" என்றார்.

பிறகு ஒரு சிறு குழாயை வாயில் வைத்து, ஒரே மூச்சில் பலமாக ஊதச் சொன்னார்கள். நுரையீரலின் பலத்தை அளக்கும் சோதனை அது. ஊதுகுழலை ஊதி ஊதியே எங்களை வளர்த்தவர் என் தாயார். மழையில் நனைந்த கித்தா விறகைக்கூட ஊதிப் பற்றவைத்துவிடுவார். அன்று அந்தச் சிறு குழாயை ஊத அவருக்கு மூச்சு போதவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டு, பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் போல் என்னைப் பார்த்தார். வாத்தியார் வேலைக்கு வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. அப்படி ஒரு பார்வையை நான் எந்த மாணவனிடமும் கண்டதில்லை.

டாக்டர் சற்று யோசித்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார். "பாட்டி, வீட்ல எதுல சமைச்சீங்க?"

"வெறகுலதான். பன்னெண்டு வயசுல அடுப்படிக்குப் போனவ. ஒரு நாப்பத்தஞ்சு வருஷம் இருக்கும்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். வந்திருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார். பெரும்பாலும் சிகரெட் பிடிப்பவர்களுக்கு வருவது. ஆனால் சிகரெட்டைக் கையால் தொடாத பெண்களுக்கும் விறகுப் புகையால் வரும் என்றார். போன மூச்சை முழுவதும் மீட்டுத் தர மருந்து இல்லை. இனிமேல் போவதைக் குறைக்கலாம், மூச்சிழுக்கும் மருந்தால் சிரமத்தைத் தணிக்கலாம் என்றும் விளக்கினார்.

"எதில் சமைத்தீர்கள்?" என்ற அந்தக் கேள்வியை நாற்பத்தைந்து ஆண்டில் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. படித்த மகன் நானும் கேட்டதில்லை. ஆகவேதான் இந்த மாதம் உங்களோடு அடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

விருந்தாளி அடுப்பு

எங்கள் லயத்து வீட்டுக் குசினி பத்தடிக்கு எட்டடி இருக்கும். தகரக் கூரை. ஒரே ஒரு சிறு ஜன்னல். அதையும் மழைக்குப் பயந்து பாதி நாள் அடைத்து வைப்பார்கள். மண்ணால் போட்ட இரட்டை அடுப்பு. மேலே பரணில் விறகு காய்ந்துகொண்டிருக்கும். சுவரும் கூரையும் கரி பிடித்துத் தார் பூசியதுபோல் மின்னும்.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அந்தக் காலத்துத் தோட்டங்களில் ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைப்பதற்கென்றே ஒரு கட்டடம் இருக்கும். புகை உள்ளே எவ்வளவு நிற்க வேண்டும், எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கட்டியிருப்பார்கள். ஷீட் கெட்டுவிட்டால் நஷ்டம் அல்லவா? அதே தோட்டத்தில் எங்கள் குசினிக்குப் புகைபோக்கி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே காய்ந்தது வெறும் மனிதர்கள்தாமே!

1991-ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்தது. லயமே வந்து வேடிக்கை பார்த்தது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்து, பூச்சரம் சாத்தி, தோம்பின் மேல் பூப்போட்ட துணியும் போர்த்தினார். அன்று மாலை அப்பா ஒரு சட்டம் போட்டார். "கேஸு காப்பித் தண்ணிக்கும் விருந்தாளி வந்தா மட்டும்தான். சோறு, குழம்பு, குளிக்க சுடுதண்ணி எல்லாம் வெறகுலேயே நடக்கட்டும். வெறகு சும்மா கெடைக்குது. கேஸுக்குக் காசு யார் கொடுக்கிறது?"

அப்பா கொடுமைக்காரர் அல்லர். பால்மரம் வெட்டி வந்த கூலியில் எட்டு வயிறு நிரப்ப வேண்டிய மனிதர். அவர் கணக்கு அவருக்கு. ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு பேர் விடுபட்டுப் போனார்கள்.

ஒருவர் அம்மா. அதன் பிறகும் 20 ஆண்டுக்கு மேல் அவர் விறகிலேயே சமைத்தார். விருந்தாளி அடுப்பு பளபளவென்று ஒரு மூலையில் இருந்தது.

இன்னொருவர் அக்கா. அவர் அப்போது மூன்றாம் படிவம். விறகு பொறுக்குவது, பிளப்பது, சுமப்பது, காயவைப்பது என்று தினமும் இரண்டு மணி நேரமாவது அவருக்குப் போகும். அந்த ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டார். நான் வாசல் திண்ணையில் விளக்கடியில் படித்துக்கொண்டிருப்பேன். அவர் குசினியில் ஊதுகுழலோடு இருப்பார். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனதற்கு என் கெட்டிக்காரத்தனம் மட்டும் காரணமென்று பல நாள் நினைத்திருந்தேன். திண்ணையில் புகை இல்லை என்பதும் ஒரு காரணம்தான்.

"விறகு சும்மா கிடைக்கிறது" என்கிறோமே, ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு நாளைக்கு 2 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 730 மணி நேரம். பள்ளிக்கூடத்து நாள் 5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 146 நாள். பள்ளியாண்டு ஏறத்தாழ 190 நாள். ஆக ஒரு பிள்ளையின் பள்ளியாண்டில் முக்கால் பங்கை அடுப்பு தின்றுவிடுகிறது. சும்மா கிடைத்த விறகின் விலை இதுதான்.

புகையில் என்ன இருக்கிறது?

விறகு முழுமையாக எரிந்தால் புகை மிகக் குறைவு. ஈர விறகு, காற்றுப் புகாத அடுப்பு, அடைத்துத் திணித்த கட்டைகள் இவற்றால் அது அரைகுறையாக எரிகிறது. எரியாமல் தப்பியதுதான் புகையாக வருகிறது. மூன்று கல் அடுப்பில் எழும் வெப்பத்தில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் பானைக்குள் போகிறது. மிச்சமெல்லாம் குசினியைச் சூடாக்கவும் கண்ணைக் கரிக்கவும்தான்.

அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி இருக்கிறது. மயிரிழையின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் உள்ள உரோமமும் சளியும் பெரிய தூசியைத் தடுக்கும். இதைத் தடுக்க முடியாது. நுரையீரலின் கடைசி அறைவரை போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கிறது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் கூட வருகிறது. இருமலோடு நிற்கும் விஷயமில்லை இது. குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்ணில் புரை வரைக்கும் இதன் கை நீளும்.

வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்பில் குழம்பு கிண்டும் தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோமே, அந்தக் குழந்தைகள்தாம். உலகில் இன்னும் 200 கோடிக்கும் அதிகமானோர் விறகு, கரி, வறட்டி, மண்ணெண்ணெய் ஆகியவற்றில்தான் சமைக்கிறார்கள்.

எழுபது ஆண்டு முயற்சி

நம் தாய்மாரின் கண்ணெரிச்சலை யாருமே கவனிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஹைதராபாத்தில் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எஸ்.பி. ராஜு என்பவர், புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்று 1953-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அது சென்னையில் அச்சானது. பிறகு 1980-களில் இந்திய அரசு மேம்படுத்திய அடுப்புத் திட்டத்தை நாடு முழுவதும் தொடங்கி, மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. 2002-இல் அந்தத் திட்டம் நின்றது.

பலன் என்ன? ஒடிசா மாநிலத்தில் புகைபோக்கி அடுப்பு கொடுத்த வீடுகளைப் பொருளாதார அறிஞர்கள் மூவர் நான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். பின்னாளில் 2019-இல் நோபெல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ அவர்களில் ஒருவர். முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன் பிறகு பழைய நிலைதான். காரணம் கேட்டால் நமக்குப் புதிதாகத் தோன்றாது: அடுப்பில் விரிசல் விட்டது, பூசவில்லை, புகைபோக்கியில் கரி அடைத்தது, துடைக்கவில்லை, பழைய அடுப்பும் பக்கத்திலேயே இருந்தது, அதில் சமைப்பது சுலபமாக இருந்தது.

இலங்கையில் 'அனகி' என்று ஒரு சுட்ட மண் அடுப்பு உண்டு. சிங்களத்தில் 'அருமையானது' என்று பொருள். ஒரே தீயில் இரண்டு பாத்திரம் வைக்கலாம். 1980-களில் உருவாக்கப்பட்டு, ஊர்க் குயவர்களே செய்து விற்று, இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயிருக்கிறது. விறகுச் செலவை நன்றாகக் குறைக்கிறது. புகையும் குறையும், ஆனால் புகைபோக்கி கிடையாது, ஆகையால் புகை அடியோடு போகாது. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நம் உறவுகள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அவர்களுக்கு அது பெரிய உதவி. நோய்க்கு முழு மருந்து என்று மட்டும் சொல்ல முடியாது.

சரி, கேஸ் கொடுத்தால் தீர்ந்ததா? தமிழ்நாட்டில் 2006-இல் அமைந்த ஆட்சி ஏழைக் குடும்பங்களுக்கு இலவசக் கேஸ் அடுப்பு வழங்கியது. இந்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே முதல் நாள் தொடங்கி, பத்துக் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளைக் கொடுத்திருக்கிறது. பெரிய சாதனை என்பதை மறுக்க முடியாது. ஆனால் பல வீடுகளில் முதல் தோம்பு காலியான பிறகு இரண்டாவது தோம்பு வர மாதக்கணக்காகிறது. இடையில் மறுபடியும் விறகுதான்.

இலங்கையில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2021 அக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ தோம்பு, 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாயானது. அதுவும் கிடைக்காமல் வெயிலில் வரிசை. கொழும்பு நகரத்து மாடி வீடுகளில்கூட மீண்டும் விறகு புகைந்தது. கேஸ் அடுப்பு வீட்டில் இருந்தது. அதை எரிக்க வழியில்லை.

எங்கள் வீட்டு விருந்தாளி அடுப்பு உங்களுக்கு நினைவுக்கு வருகிறதா?

நாகப்பட்டினத்தில் கண்ட பாடம்

அடுத்துச் சொல்லப்போவது எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம், விழுப்புரம் பகுதிகளிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் தமிழ்நாட்டுப் பகுதியைக் கவனித்தது. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பு கொடுத்ததோடு நிற்காமல், 18 மாதம் எரிவாயுவையும் இலவசமாக, தீரத் தீர வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுப்பு பழுதானால் வந்து சரிபார்த்தார்கள்.

என்ன ஆயிற்று? அந்தப் பெண்கள் விறகடுப்பை ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டுவிட்டார்கள். "விறகுச் சோற்று ருசி வராது", "பழகிய கை மாறாது" என்பதெல்லாம் அவர்களைத் தடுக்கவில்லை. விறகிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த காற்றில் நுண்தூசி கன மீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராம். கேஸில் சமைத்தவர்களுக்கு ஏறத்தாழ 24. ஒரு நாளைக்கு 15-க்குள் இருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு அளவுகோல்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இப்படிப் புகை குறைந்தும், பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் தென்படவில்லை என்று 2022-இல் முடிவு வெளியாயிற்று. நல்ல அடுப்பு வந்தால் எல்லா நோயும் மறுநாளே பறந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ஆனால் வேறொன்று அங்கே தெளிவாயிற்று. நம் பெண்கள் விறகை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அறியாமையால் என்று பட்டணத்துப் படிப்பாளிகள் சொல்வது பெரும்பாலும் பொய். தோம்பு தீர்ந்தால் அடுத்தது வரும் என்ற உறுதி இருந்தால் அவர்கள் ஒரு நாளும் விறகுக்குத் திரும்புவதில்லை.

தெம்பனிஸ் குசினி

இந்த எண்ணத்தோடு அக்கா வீட்டுக் குசினியில் நின்றேன். சின்ன அறைதான். பெரிய ஜன்னல். சுவரிலிருந்து ஒரு குழாய் வருகிறது. திருகினால் நீலச் சுடர். தோம்பு இல்லை. மீட்டர் ஓடுகிறது, மாதக் கடைசியில் தண்ணீர், மின்சாரம் இவற்றோடு ஒரே பில்லில் வருகிறது.

இந்தத் தெம்பனிஸ் பிறக்கும்போதே பட்டணமாகப் பிறந்ததில்லை. தெம்பினிஸ் என்பது இரும்பு போல உறுதியான ஒரு காட்டு மரத்தின் பெயர். ரப்பர் தோட்டமும் கம்பங்களும் சதுப்பும் மணல் குழிகளுமாகக் கிடந்த நிலம். 1970-களின் கடைசியில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இங்கே புதுநகரை எழுப்பத் தொடங்கியது. 1992-இல் உலக வாழ்விட விருது பெற்ற நகரம் இது. சிங்கப்பூருக்கு எரிவாயு மிகப் பழைய சரக்கு. காலாங் வாயு ஆலை 1862-இல் தெருவிளக்கு எரிப்பதற்காகத் தொடங்கி, 1998 வரை வேலை செய்தது. தெருவுக்கு வந்த வெளிச்சம் மெல்ல மெல்லக் குசினிக்குள்ளும் வந்து சேர்ந்தது.

"அக்கா, இங்கே கேஸ் செலவைப் பற்றி மாமா ஏதாவது சொல்வாரா?" என்று கேட்டேன்.

அக்கா அரிசி களைந்துகொண்டே சொன்னார்: "அவரு எதுக்குடா சொல்லணும்? தோம்பு வாங்கக் காசு கொடுங்கன்னு நான் யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. தண்ணி மாதிரி அது பாட்டுக்கு வருது. நம்ம வீட்ல அம்மா கேக்க முடியாமத்தானே வெறகுல வெந்தாங்க?"

எழுபது ஆண்டுத் திட்டங்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. அடுப்பு கொடுப்பது ஒரு நாள் வேலை. அது தினமும் எரிய வழி செய்வதுதான் உண்மையான வேலை. சமைக்கிறவர் யாரிடமும் கெஞ்சாமல் திருகிப் பற்றவைக்க முடிகிறதா? அந்த வீட்டில்தான் புகை ஒழியும்.

குழாய் எல்லா ஊருக்கும் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் குழாய் செய்கிற காரியத்தை வீட்டுத் தலைவரும் செய்யலாம் அல்லவா?

உங்கள் வீட்டுக் கொல்லையைப் பாருங்கள்

"நாங்கள் எல்லாம் கேஸுக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது வாத்தியாரே" என்று பலர் சொல்வீர்கள். மகிழ்ச்சி. இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நடை போய்க் கொல்லைப் புறத்தைப் பாருங்கள். அங்கே மூன்று கல் இருக்கிறதா? காலையில் சுடுதண்ணீர், ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு, பொங்கல், திருவிழாச் சமையல் என்று அந்தக் கல்லுக்கு வேலை இருக்கிறதா? அதன் முன்னே குந்தியிருப்பது யார்? வயதான தாயாரா? மருமகளா? உள்ளே நீலச் சுடர் எரிய, வெளியே ஒருவர் புகை குடித்தால், அந்த வீட்டில் புகை ஒழிந்ததாகக் கணக்கில்லை.

என் அனுபவத்திலிருந்தும் டாக்டர் சொன்னதிலிருந்தும் சில யோசனைகள்:

முதலாவதாக, கேஸ் காசை மளிகைச் சாமானுக்கு முன்னால் எடுத்து வையுங்கள். சம்பளம் வந்ததும் அரிசிக்கு ஒதுக்குவதுபோல அதையும் ஒதுக்கிவிட்டால் தோம்பு தீரும் நாளில் தலையைச் சொறிய வேண்டியதில்லை. முடிந்தால் ஒரு தோம்பு எரியும்போது இன்னொன்று தயாராக இருக்கட்டும்.

இரண்டாவதாக, நெடுநேரம் எரிகிற வேலைகளை முதலில் விறகிலிருந்து மாற்றுங்கள். காப்பிக்குக் கேஸும் சோற்றுக்கு விறகும் என்று எங்கள் அப்பா வைத்தது தலைகீழ் ஏற்பாடு. மின்சாரம் உள்ள வீட்டில் சோற்றுக்கு மின்சாரப் பானையும் சுடுதண்ணீருக்கு மின்சாரக் கெண்டியும் போதும். பருப்பையும் கடலையையும் முன்னதாக ஊறவைத்து, குக்கரில் மூடி வேகவைத்தால் எரிபொருள் நன்றாக மிச்சமாகும்.

மூன்றாவதாக, விறகைத் தவிர்க்கவே முடியாதவர்கள் அடுப்பைத் திறந்த வெளிக்குக் கொண்டு போங்கள். உள்ளேதான் என்றால் கூரைக்கு மேலே உயரும் புகைபோக்கி வையுங்கள். மாதம் ஒரு முறை கரி தட்டுங்கள், விரிசல் கண்டால் அன்றே பூசுங்கள். ஒடிசாவில் தவறிப் போனது இந்தச் சின்ன வேலைதான். விறகைச் சிறியதாகப் பிளந்து, மொறமொறவென்று காய்ந்த பிறகே எரியுங்கள். பிளாஸ்டிக் பை, பழைய செருப்பு, சாயம் பூசிய பலகை இவற்றை அடுப்பில் போடவே கூடாது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன் நிற்காதீர்கள். வேறு யாரிடமாவது கொடுங்கள். தாத்தா சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்?

நான்காவதாக, கேஸுக்கும் மரியாதை உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள். இரவில் தோம்பின் வாயை மூடுங்கள். ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது, குழாயை மாற்ற வேண்டும். வாசனை வந்தால் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் தோம்பை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஐந்தாவதாக, இதுதான் முக்கியம். உங்கள் வீட்டில் தாயாரோ, பாட்டியோ, அத்தையோ ஓயாமல் இருமினால், மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால், "வயசாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எங்கம்மா இத்தனை வருஷம் விறகில் சமைத்தவர்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் டாக்டருக்குப் பாதி நோயைச் சொல்லிவிடும்.

ருசியைப் பற்றி ஒரு வார்த்தை. "விறகடுப்புக் குழம்பின் மணமே தனி" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இந்தப் பாராட்டைச் சொல்கிறவர் யார் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் சாப்பிடுகிறவர்தான். ஊதுகிறவர் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

புறப்படும் நாளில் அக்கா வீட்டுக் குசினியில் அம்மா எனக்காக மீன்குழம்பு வைத்தார். நின்றுகொண்டு சமைக்க முடியவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நீலச் சுடரைப் பார்த்தபடி கிண்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "தள்ளிப் போ தம்பி, புகை வரும்" என்றார், பழைய ஞாபகத்தில். பிறகு தானே சிரித்துக்கொண்டார்.

சின்ன வயதில் அவர் அப்படிச் சொன்ன போதெல்லாம் நான் தள்ளிப் போய்விட்டேன். திண்ணைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன். அன்று மட்டும் அசையாமல் நின்று, குழம்பு கொதிக்கும்வரை அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கிண்டினேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் "தள்ளிப் போ, புகை வரும்" என்று சொல்கிறவர் இன்னும் இருக்கிறாரா? இருந்தால் இன்றைக்கே அவரிடம் போய், அடுத்த தோம்புக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். விறகுக்காகத் தினமும் மாலையில் காணாமல் போகும் மாணவிகளைப் பற்றி என் சக ஆசிரியர்களும் ஒரு முறை அவர்களுடைய பெற்றோரிடம் பேசிப் பாருங்கள்.